அடுப்புப் புகையில் இதயநோயின் காரணத்தைத் தேடியவர்

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளமும் அவர்கள் வசமானது. இன்று மியன்மார் எனப்படும் பர்மாவையும் அதே போர் விட்டுவைக்கவில்லை. அங்கு மக்வே நகரில் வாழ்ந்த ஒரு தமிழ் வழக்கறிஞரின் குடும்பத்துப் பெண்கள் விமானத்தில் தப்பி, கோயம்புத்தூர் வந்து சேர்ந்தனர். ஆண்கள் பர்மாவிலேயே தங்க நேர்ந்தது. நீண்ட காலம் கழித்துத்தான் குடும்பம் ஒன்றுசேர்ந்தது.

அப்படித் தப்பி வந்தவர்களில் ஒருவர், ரங்கூன் மருத்துவக் கல்லூரியில் படித்த பத்மாவதி. பின்னாளில் இந்தியாவின் முதல் பெண் இதயநோய் நிபுணர் எனப் புகழ்பெற்றவர் இவர்தான்.

போருக்குப் பின் லண்டனிலும் எடின்பரோவிலும் மேற்படிப்பை முடித்தார். அமெரிக்காவில், குழந்தைகளின் இதயக் கோளாறுகளை ஆராய்ந்த ஹெலன் டாசிக்கிடமும், புகழ்பெற்ற மருத்துவர் பால் டட்லி வைட்டிடமும் பயின்றார். 1953ல் இந்தியா திரும்பி, டெல்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே இதயநோய்ப் பிரிவையும், மெல்லிய குழாயை ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் செலுத்திச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தையும் தொடங்கினார்.

டெல்லியில் ஒரு புதிர் அவருக்காகக் காத்திருந்தது. நுரையீரல் பாதிப்பால் இதயத்தின் வலது பக்கம் பழுதாகும் நோய் ஒன்று உண்டு. மேலைநாடுகளில் அது பெரும்பாலும் ஆண்களுக்கே வந்தது. புகைபிடிப்பது முக்கியக் காரணம். டெல்லியிலோ புகைபிடிக்காத பெண்களும் ஆண்களுக்கு நிகராக அவதிப்பட்டனர். ஏன்?

127 நோயாளிகளை ஆராய்ந்து, சக ஆய்வாளருடன் 1959ல் அவர் வெளியிட்ட கட்டுரை சமையலறையைச் சுட்டியது. காற்றோட்டமில்லாத அறையில் வறட்டியையும் விறகையும் எரித்துச் சமைத்த பெண்கள், சிறு வயது முதலே புகையைச் சுவாசித்து வந்தனர்.

நுரையீரல் கெடும்போது ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது. நுரையீரலின் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. அவற்றுக்குள் ரத்தத்தைத் தள்ள, இதயத்தின் வலது கீழறை கூடுதலாக உழைக்கவேண்டும். நாளடைவில் அது வீங்கித் தளர்ந்துபோகிறது. கால் வீக்கமும் மூச்சுத்திணறலும் அதன் அறிகுறிகள்.

பத்மாவதி 1962ல் அகில இந்திய இதய அறநிறுவனத்தையும், 1981ல் தேசிய இதயக் கழகத்தையும் நிறுவினார். 1992ல் பத்ம விபூஷண் விருது பெற்றார். தொண்ணூறு வயதைக் கடந்தும் நீந்தினார், நோயாளிகளையும் பார்த்தார். 2020 ஆகஸ்ட் 29ஆம் தேதி, 103 வயதில், கொவிட்-19 தொற்றால் காலமானார்.

மாணவர்களே, நம் வீடுகளில் எரிவாயு அடுப்பு எரிகிறது. ஆனால் உலகில் சுமார் 200 கோடிப் பேர் இன்னமும் விறகு, கரி, வறட்டி போன்றவற்றைக் கொண்டே சமைக்கிறார்கள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பத்மாவதி சுட்டிக்காட்டிய அந்தப் புகை அவர்களுடைய சமையலறைகளில் இன்னும் அடங்கவில்லை.