ஜெனரேட்டர் சத்தம் குறைய வேண்டுமா? மூடி வைக்காதீர்கள், தள்ளி வையுங்கள்!

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை செல்லும் சாலையில் உள்ள காரியாபட்டி போன்ற ஊர்களில், மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள் என்றால் காலையிலேயே கரண்ட் போய்விடும். 2012 வாக்கில் நாம் அனுபவித்த மின்வெட்டு இப்போது இல்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அப்போது வாங்கிப் போட்ட சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர்கள் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. நிக்காஹ் வீட்டிலோ, படுத்த படுக்கையாக நோயாளி இருக்கும் வீட்டிலோ, ரமளானில் சஹர் நேரத்தில் கரண்ட் போனாலோ அதை வெளியே எடுக்கிறோம். இல்லாதவர்கள் மைக் செட் கடையில் வாடகைக்கு எடுக்கிறார்கள்.

சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் நம் வீட்டு ஜெனரேட்டர் ஓடினால் பக்கத்து வீட்டில் யாரும் தூங்க முடியாது. அண்டை வீட்டாருக்குத் தொல்லை தருவது எவ்வளவு பெரிய விஷயம் என்று நம் மார்க்கம் சொல்வதை இங்கே விளக்க வேண்டியதில்லை. சட்டமும் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் வரம்பு. நம் மாவட்டத்தில் தயாராகும் வெடிகளுக்கே 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபல் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். வெடி ஒரு நொடியில் முடிந்துவிடும்; ஜெனரேட்டர் மணிக்கணக்கில் ஓடும்.

சத்தத்துக்குப் பயந்து பலர் முதலில் செய்வது, ஜெனரேட்டரை நடைக்குள்ளோ மாடிப்படிக்குக் கீழோ வைத்துக் கதவைச் சாத்துவதுதான். இதை மட்டும் எந்த நிலையிலும் செய்யக் கூடாது. பெட்ரோல் எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ஒரு சிறிய ஜெனரேட்டர் நூற்றுக்கணக்கான கார்கள் அளவுக்கு இந்த வாயுவை வெளியிடக்கூடும் என்கிறது அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம். 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் மாநிலம் பனியில் உறைந்து கரண்ட் இல்லாமல் கிடந்தபோது, வீட்டுக்குள்ளும் கார் ஷெட்டிலும் ஜெனரேட்டர் ஓட்டியவர்கள் இந்த வாயுவால் இறந்தார்கள். ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்பதும் தவறு. தலைவலி, மயக்கம், வாந்தி என்றுதான் ஆரம்பிக்கும்; விருந்துச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டு படுத்துவிடுவோம். ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி வந்தால், உடனே எல்லோரையும் வெளியே கொண்டுவந்து 108-ஐ அழைக்க வேண்டும்.

சரி, சத்தத்தை எப்படித்தான் குறைப்பது? செலவில்லாத, நிச்சயமான வழி தூரம்தான். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 80 டெசிபல் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் 2 மீட்டரில் 74, 4 மீட்டரில் 68, 8 மீட்டரில் 62. பத்து டெசிபல் குறைந்தாலே காதுக்குப் பாதிச் சத்தம் போலத் தெரியும். கொல்லைப்புறத்தின் கடைசியில் கொண்டுபோய் வையுங்கள். அந்த ஆணையம் சொல்லும் பாதுகாப்பான தூரமும் வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி என்பதால் ஒரே வேலையில் இரண்டும் முடிகிறது. அந்த 20 அடி பக்கத்து வீட்டு ஜன்னலுக்கும் பொருந்தும் என்பதை மறந்துவிடக் கூடாது.

தள்ளி வைத்தால் நீளமான வயர் வேண்டும். 2 கேவிஏ ஜெனரேட்டருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் 20 மீட்டர் வரை தாராளமாகப் போதும். அந்த வயரை வீட்டு பிளக் பாயிண்டில் செருகி வீடு முழுவதற்கும் கரண்ட் கொடுக்கிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அந்தக் கரண்ட் லைனுக்குத் திரும்பிப் போய், கம்பத்தில் வேலை செய்யும் மின்வாரிய ஊழியரின் உயிரை எடுத்துவிடும். எலக்ட்ரீஷியனை வைத்து சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போட்டுக்கொள்ளுங்கள்.

வைக்கும் இடமும் முக்கியம். மொட்டை மாடியில் வைத்தால் அதிர்வு கான்கிரீட் வழியே கீழ் அறைகளுக்கு இறங்கும். மண் தரையில், பழைய டயர் துண்டுகளோ கனமான ரப்பர் மேட்டோ போட்டு வைத்தால் அந்த அதிர்வு அடங்கும். இரண்டு சுவர் சேரும் மூலையில் வைக்கக் கூடாது. சத்தம் எதிரொலித்துக் கூடிவிடும். சைலன்சரின் வாய் எந்த வீட்டையும் பார்க்காமல் திறந்த வெளியைப் பார்க்கட்டும்.

அதற்கு மேலும் சத்தம் கேட்டால், ஜெனரேட்டருக்கும் வீடுகளுக்கும் நடுவே ஹாலோ பிளாக் அடுக்கி ஒரு தடுப்பு எழுப்பலாம். ஜெனரேட்டர் கண்ணில் தெரியாத உயரம் இருக்க வேண்டும். கனம் கூடக்கூடச் சத்தம் அடங்கும். தகரமும் தட்டியும் பெரிதாகப் பயன் தராது. மேலேயும் ஒரு பக்கமும் முழுக்கத் திறந்திருக்க வேண்டும், ஜெனரேட்டரைச் சுற்றி மூன்றடியாவது இடம் விட வேண்டும். பெரிய டீசல் ஜெனரேட்டர்கள் பெட்டிக்குள்தானே ஓடுகின்றன என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பெட்டிக்குள் காற்று வரவும் சூடு போகவும் தனி வழிகள் உண்டு, புகை குழாய் வழியே வெளியே போகும். பிளைவுட்டையும் தெர்மாகோலையும் வைத்து நாம் செய்கிற பெட்டியில் இஞ்சின் கொதிக்கும், தீயும் பிடிக்கும்.

புகைக்குழாயைத் தண்ணீர் வாளிக்குள் விடும் வித்தையும் வேண்டாம். இஞ்சினுக்குள் தண்ணீர் ஏறினால் மொத்தமும் போச்சு. பைக் சைலன்சரை வெல்டிங் வைப்பதும் பெரும்பாலும் இஞ்சினைத் திணற வைத்துவிடும். மாறாக, துருப்பிடித்து ஓட்டை விழுந்த சைலன்சரை மாற்றி, தளர்ந்த போல்ட்டுகளை முறுக்கினாலே கணிசமாகச் சத்தம் குறைவதுண்டு.

இன்னொரு உண்மை: சாதாரண ஜெனரேட்டரில் ஒரே ஒரு பல்பு எரிந்தாலும் இஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றியாக வேண்டும். அதனால் லோடைக் குறைத்தாலும் சத்தம் பெரிதாகக் குறையாது. இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர், லோடு குறையும்போது வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். விலைதான் அதிகம்.

புதிதாகப் பணம் போடுவதாக இருந்தால், வீட்டுக்கு ஜெனரேட்டரைவிட பேட்டரி இன்வெர்ட்டர்தான் நல்லது என்பது நம் கருத்து. 150 ஏஎச் பேட்டரி ஒன்று நல்ல நிலையில் இருந்தால் இரண்டு மின்விசிறியும் சில எல்இடி விளக்குகளும் ஐந்தாறு மணி நேரம் ஓடும். பழைய மின்விசிறி சுமார் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி மின்விசிறி 30 வாட் சுற்றுவட்டத்தில்தான். நீண்ட மின்தடை என்றால் பகலில் ஜெனரேட்டரை ஓட்டி பேட்டரியைச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு, இரவு 10 மணிக்கு முன்பே நிறுத்திவிடலாம். சஹர் வரைக்கும் பேட்டரி பார்த்துக்கொள்ளும்.