கன்னத்தில் சிவப்பு! அலட்சியம் வேண்டாம்

முகத்தில் சிவப்பு என்று ஒரு பெண் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். தோல் வியாதிப் பிரிவில் டாக்டர் அவள் முகத்தைப் பார்க்கிறார். மூட்டு வலிக்கிறதா என்று கேட்கிறார். பிறகு, சிறுநீர் பரிசோதனைக்குச் சீட்டு எழுதித் தருகிறார்.

"முகத்தைக் காட்ட வந்தால் சிறுநீரைக் கேட்கிறாரே!" என்று தாயார் திகைக்கிறார்.

டாக்டர் கேட்பதில் காரணம் இருக்கிறது.

தோலுக்குள் இருக்கும் நார்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை மக்களுக்குத் தோலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பச்சைத் தோல் சுண்ணாம்பில் ஊறும். மயிர் நீங்கும். ஒட்டிய சதை வழிக்கப்படும். மிஞ்சுவது நார் நாராகப் பின்னிய ஒரு பொருள். அதைப் பதனிட்டால்தான் பூட்சும் செருப்பும் கிடைக்கும்.

அந்த நாரின் பெயர் கொலாஜன். நம் உடலிலும் அது உண்டு. தோல், மூட்டு, ரத்தக் குழாய் ஆகியவற்றுக்கு உறுதி தருவது அதுதான். உறுப்புகளைச் சேர்த்துப் பிடிக்கும் இந்தப் பகுதிக்கு 'இணைப்புத் திசு' என்று பெயர்.

வேலியே பயிரை மேய்ந்தால்?

கிருமிகளை எதிர்க்க நம் உடலில் ஒரு காவல் படை இருக்கிறது. சிலருக்கு அந்தப் படை சொந்த உடலையே தாக்கத் தொடங்கிவிடும். வேலியே பயிரை மேய்ந்த கதைதான்! இதனால் வரும் வியாதிகளில் மூன்றைப் பார்ப்போம்.

முதலாவது, லூபஸ். இரு கன்னங்களிலும் மூக்குத் தண்டிலும் பட்டாம்பூச்சி சிறகு விரித்தது போலச் சிவப்பு படரும். வெயில் பட்டால் அதிகமாகும். மூட்டு வலி, காய்ச்சல், வாய்ப்புண், முடி உதிர்தல் ஆகியவையும் வரலாம். இது வருவோரில் 10 பேருக்குச் சுமார் 9 பேர் பெண்கள்.

இரண்டாவது, ஸ்கிளிரோடெர்மா. கொலாஜன் அளவு மீறிச் சேர்ந்து தோல் இறுகிப் போகும். விரல்களை மடக்க முடியாது. குளிர்ந்த நீரில் கை வைத்தால் விரல்கள் வெளுத்து, பிறகு நீலமாகும். நுரையீரலும் பாதிக்கப்படலாம்.

மூன்றாவது, டெர்மடோமயோசைட்டிஸ். கண் இமை ஊதா நிறமாகும். விரல் கணுக்களின் மேல் தடிப்பு வரும். தசை வலுவிழக்கும். தரையில் உட்கார்ந்தால் எழ முடியாது. தலை சீவக் கையைத் தூக்க முடியாது.

மூன்று தவறுகள்

"வெயிலில் கறுத்துவிட்டது" என்று சிலர் முகப்பூச்சு வாங்கித் தடவுகிறார்கள். இது முதல் தவறு.

"தோல் வேலையில் வந்த அரிப்பு" என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். பதனிடும் குரோமிய உப்பினால் சிலருக்கு அரிப்பு வருவது உண்மை. ஆனால், எல்லாத் தடிப்பும் அதுவல்ல.

மூன்றாவது தவறுதான் கொடியது. "குஷ்டமோ?" என்று பயந்து பெண்ணை வீட்டில் மறைப்பது!

பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் அந்நோய் அதிகம் இருந்தது. 1948-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், தொழுநோயால் மடங்கிய விரல்களை ஆபரேஷன் மூலம் நிமிர்த்தத் தொடங்கினார் டாக்டர் பால் பிராண்ட். இன்று தொழுநோயை மருந்தாலேயே குணப்படுத்தலாம். அதற்கும் மறைக்கத் தேவையில்லை. லூபஸோ தொற்று நோயே அல்ல. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது.

சிறுநீர் சொல்லும் சேதி

லூபஸ் சிறுநீரகத்தைத் தாக்கும்போது தொடக்கத்தில் வலி இருக்காது. நோயாளிக்கே தெரியாது. சிறுநீரில் புரதம் கலந்து வருவதுதான் முதல் எச்சரிக்கை. அதனால்தான் டாக்டர் சிறுநீரைக் கேட்கிறார். ரத்தப் பரிசோதனையும் செய்வார். தேவையானால் தோலில் சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பார்.

நோயை அடக்க மருந்து உண்டு. மலேரியாவுக்குப் பயன்பட்ட ஹைட்ராக்சி குளோரோகுயின் லூபஸுக்கு நல்ல துணை. ஸ்டீராய்டு மருந்தும் தருவார்கள். சுகம் கண்டதும் மாத்திரையைத் தானாக நிறுத்துவது ஆபத்து. உச்சி வெயிலில் குடை அவசியம். திருமணம் செய்துகொள்ளலாம். டாக்டரைக் கேட்டு, நோய் அடங்கியிருக்கும் காலத்தில் பிள்ளையும் பெறலாம்.

எனவே, கன்னத்துச் சிவப்பு பல வாரம் மறையவில்லையா? கூடவே மூட்டு வலியும் இருக்கிறதா? மறைக்க வேண்டாம். ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். முகத்தைக் காட்டப் போவது சிறுநீரகத்தைக் காப்பாற்றலாம்!