எம்.பி.க்குச் சம்பளம் வந்த கதை

எம்.பி.க்களின் சம்பளம் உயரும்போதெல்லாம் டீக்கடை வரை முணுமுணுப்பு கேட்கிறது. மக்கள் சேவைக்கு எதற்குக் கூலி என்ற கேள்வி நியாயமாகத்தான் தோன்றும். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அந்தக் கூலி நின்றுபோன காலம் ஒன்று இருந்தது. என்ன நடந்தது என்று பார்ப்போம்.

1265-இல் இங்கிலாந்துப் பிரபு சைமன் டி மான்ட்ஃபோர்ட் கூட்டிய சபைக்குக் கவுண்டிக்கு (நம் மாவட்டம் போன்றது) இருவர், முக்கிய நகரங்களுக்கு இருவர் என்று பிரதிநிதிகள் அழைக்கப்பட்டார்கள். அடுத்த நூற்றாண்டில் படிக்காசு நிலைபெற்றது: கவுண்டி உறுப்பினருக்கு நாளொன்றுக்கு 4 ஷில்லிங், நகர உறுப்பினருக்கு 2. இதை மன்னர் தரவில்லை, அனுப்பிவைத்த ஊர்தான் தர வேண்டும். கூட்டம் கலையும்போது உறுப்பினர் கையில் ஓர் ஆணை கொடுப்பார்கள். ஊர் திரும்பி அதைக் காட்டினால், போக வர ஆன நாள்களையும் சேர்த்துக் கணக்கிட்டு அதிகாரிகள் வசூல் செய்து கொடுப்பார்கள். இந்தச் செலவுக்கு அஞ்சி, எங்களுக்கு உறுப்பினரே வேண்டாம் என்று மன்னரிடம் மனுப்போட்ட ஊர்களும் உண்டு.

சபைக்குச் செல்வாக்கு கூடியதும் வசதி படைத்தவர்கள், சம்பளம் வேண்டாம், நாங்களே போகிறோம் என்று முன்வந்தார்கள். ஊர்களுக்குச் செலவு மிச்சம். 17-ஆம் நூற்றாண்டில் ஹல் நகர உறுப்பினராக இருந்த கவிஞர் ஆண்ட்ரூ மார்வெல், ஊர்ப்பணம் வாங்கிய கடைசிச் சிலரில் ஒருவர். இலவசமாக வந்தவர்கள் சபையையே தங்கள் சொத்தாக்கிக்கொண்டார்கள். 1711-இல் சட்டமே வந்தது: நிலத்திலிருந்து ஆண்டுக்கு 600 பவுண்டு வருமானம் உள்ளவரே கவுண்டி உறுப்பினராகலாம்; நகரத்துக்கு 300. குடியிருப்பே இல்லாத ஓல்டு சேரம் என்ற மேடு 1832 வரை இரண்டு உறுப்பினர்களை அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த நிலம் யார் கையிலோ, இடங்களும் அவர் கையில்.

சொத்துத் தகுதியை நீக்கு, உறுப்பினருக்குச் சம்பளம் கொடு: 1838-இல் தொழிலாளர்களின் சார்ட்டிஸ்ட் இயக்கம் வைத்த ஆறு கோரிக்கைகளில் இவை இரண்டு. முன்னது 1858-இல் நிறைவேறியது. பின்னதற்கு இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. 1874-இல் சுரங்கத் தொழிலாளி தாமஸ் பர்ட் வென்றபோது, அவர் லண்டனில் காலம் தள்ள நார்த்தம்பர்லாந்து சுரங்கத் தொழிலாளர் சங்கம்தான் படியளந்தது. 1892-இல் 5 வாக்கு வித்தியாசத்தில் அதே சபைக்கு வென்ற இந்தியர் தாதாபாய் நௌரோஜிக்கும் சம்பளம் கிடையாது. 1909-இல், தொழிற்சங்கங்கள் அரசியலுக்குப் பணம் செலவிடக் கூடாது என்று, அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. சங்கப் பணத்தை நம்பியிருந்த உறுப்பினர்களின் வீட்டு அடுப்பில் கைவைத்த தீர்ப்பு அது. அந்த நெருக்கடியில்தான் 1911-இல் நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் ஆண்டுக்கு 400 பவுண்டு சம்பளம் கொண்டுவந்தார்.

நம் அரசியலமைப்பு 106-ஆவது பிரிவிலேயே எம்.பி. சம்பளத்துக்கு வழி செய்துவிட்டது. எவ்வளவு, யார் நிர்ணயிப்பது என்று எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடுங்கள். சம்பளமே கூடாது என்று மட்டும் கேட்காதீர்கள்.