ஸ்டோன்வேர் பாத்திரமும் உடல்நலமும்: சூளைச் சூட்டிலும் மெருகுப்பூச்சிலும் அடங்கியுள்ள பாதுகாப்பு

விழுப்புரம், திண்டிவனம் வட்டார வீடுகளில் மீன் குழம்புக்கு மண்சட்டியும் ஊறுகாய்க்குப் பழுப்பு நிற ஜாடியும் நெடுங்காலமாகப் புழங்கி வருகின்றன. மின்சார ஓவன் நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டும் பொருளான பிறகு, அதனுள் வைத்துச் சமைப்பதற்கான தடித்த பீங்கான் தட்டுகளும் மூடியிட்ட கலங்களும் இச்சமையலறைகளுக்குள் வரத் தொடங்கியுள்ளன. ஸ்டோன்வேர் என விற்கப்படும் இக்கலங்கள் முறையாகச் சுடப்பட்டிருந்தால் உணவோடு வினைபுரியாத, நம்பத்தக்க பாத்திரங்களாகும். ஆனால், பூச்சின் சேர்மானம் தவறினாலோ, பயன்படுத்துவோர் அதன் இயல்பை அறியாமல் கையாண்டாலோ, அதே கலம் உடல்நலத்துக்குக் கேடு விளைவிக்கக்கூடும் என்பதால், வாங்கும்போதும் சமைக்கும்போதும் கழுவும்போதும் கவனிக்க வேண்டியவற்றைத் தெரிந்துகொள்வது இன்றியமையாததாகும்.

மண்சட்டிக்கும் ஸ்டோன்வேருக்கும் உள்ள வேறுபாடு

களிமண் கலங்களின் தன்மையைப் பெரிதும் தீர்மானிப்பது அவை சுடப்படும் வெப்பநிலையே ஆகும். ஊர்ச் சூளைகளில் விறகும் வைக்கோலும் கொண்டு சுடப்படும் மண்சட்டி பொதுவாக 1,000 பாகை செல்சியசுக்குக் கீழேயே வெந்துவிடுவதால், அதன் சுவரில் நுண்துளைகள் எஞ்சி, நீரையும் எண்ணெயையும் உறிஞ்சுகின்றன. ஸ்டோன்வேர் ஏறத்தாழ 1,200 முதல் 1,300 பாகை வரை சுடப்படுகிறது. அந்த வெப்பத்தில் களிமண்ணிலுள்ள கனிமங்களில் ஒரு பகுதி உருகிக் கண்ணாடியாகி, துளைகளை அடைத்து, கலத்தைக் கல்போல் இறுக்கிவிடுகிறது. இம்மாற்றம் கண்ணாடியாக்கம் எனப்படும். ஊறுகாய் ஜாடி உப்பையும் புளிப்பையும் ஆண்டுக்கணக்கில் தாங்கி நிற்பதற்கும் இதுவே காரணம்.

இத்தொழில் இவ்வட்டாரத்துக்கு அயலானதன்று. புதுச்சேரியில் 1971ஆம் ஆண்டில் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் மட்பாண்டக் கூடம், உயர்வெப்ப ஸ்டோன்வேர் கலையைப் பலருக்குக் கற்பித்துப் பரப்பியது. 1968இல் நிறுவப்பட்டதும் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டத்தின் வானூர் வட்டத்தில் அமைந்ததுமான ஆரோவில்லிலும் இத்தகைய கலங்கள் வனையப்படுகின்றன. விழுப்புரத்திலிருந்து திருச்சி செல்லும் ரயில் பாதையில் உள்ள விருத்தாசலமும் செராமிக் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊராகும்.

மெருகுப்பூச்சும் காரீய நஞ்சும்

கலத்தின் மேல் பளபளப்பான படலமாகத் தெரியும் மெருகுப்பூச்சு, சிலிக்கா எனும் மணற்பொருளும் அதனை உருகச் செய்யும் பிற கனிமங்களும் சேர்ந்து உருவாகும் கண்ணாடிப் படலமாகும். உயர்ந்த வெப்பத்தில் சுடப்படும் கலத்துக்குச் சுண்ணாம்புச் சத்தும் களிக்கல் பொடியும் போன்ற தீங்கற்ற உருக்கிகளே போதுமானவை. குறைந்த வெப்பத்தில் விரைவாகவும் மலிவாகவும் பளபளப்பை வரவழைப்பதற்குக் காரீயச் சேர்மங்களும், மிளிரும் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் நிறங்களுக்குக் காட்மியச் சேர்மங்களும் பயன்படுத்தப்படுவதுண்டு. இவை பூச்சில் நன்கு பிணையாதபோது புளி, தக்காளி, தயிர், எலுமிச்சை ஆகியவற்றின் அமிலம் அவற்றைக் கரைத்து உணவில் சேர்க்கிறது. சூடும் நெடுநேரச் சேமிப்பும் இக்கரைவை மிகுதிப்படுத்துகின்றன.

காரீயத்துக்குப் பாதுகாப்பான இரத்த அளவு என ஒன்று அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடாகும். உட்கொள்ளப்படும் காரீயத்தைச் சிறு குழந்தைகளின் உடல் பெரியவர்களைக் காட்டிலும் 4 முதல் 5 மடங்கு வரை கூடுதலாக ஈர்த்துக்கொள்ளக்கூடும் என்பதால், மூளை வளர்ச்சியும் கற்கும் திறனும் பாதிக்கப்படுகின்றன. பெரியவர்களிடம் உயர் இரத்த அழுத்தமும் சிறுநீரகக் கோளாறும் இரத்தசோகையும் தோன்றக்கூடும். எலும்பில் தங்கும் காரீயம் கருவுற்ற காலத்தில் மீண்டும் இரத்தத்தில் கலந்து கருவையும் சென்றடைகிறது. இது பெரும்பாலும் அறிகுறியின்றிச் சிறுகச் சிறுகச் சேர்வதால், நோய் கண்ட பின் மருந்து தேடுவதைவிடப் பாத்திரத்தைத் தேர்ந்து வாங்குவதே சிறந்த தடுப்புமுறையாகும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

உணவுக்கும் ஓவனுக்கும் ஏற்றது என்றும், காரீயமும் காட்மியமும் அற்றது என்றும் தயாரிப்பாளர் எழுத்து வடிவில் தெரிவித்துள்ள கலங்களையே தேர்ந்தெடுத்தல் வேண்டும். அழகுப்பொருளாக விற்கப்படுவனவற்றையும், செய்தவர் யாரெனத் தெரியாத பழைய வண்ணக் கலங்களையும் சமையலுக்குப் பயன்படுத்துதல் ஆகாது. விரல் முட்டியால் மெல்லத் தட்டும்போது தெளிவாக ஒலிக்காமல் மந்தமாக ஒலிக்கும் கலத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கக்கூடும். வினிகரை ஊற்றி ஒருநாள் முழுதும் வைத்தபின் பூச்சின் நிறமோ பளபளப்போ மாறினால், அப்பூச்சு அமிலத்தைத் தாங்காதது எனக் கொண்டு அக்கலத்தை ஒதுக்கிவிடலாம். எனினும், மாற்றம் தெரியாதது காரீயம் இல்லை என்பதற்குச் சான்றாகாது. 4 விழுக்காடு அசிட்டிக் அமிலத்தை 24 மணி நேரம் ஊற்றிவைத்து, அதில் கரைந்துள்ள உலோகத்தை ஆய்வகத்தில் அளந்தறிவதே முறையான சோதனையாகும்.

சமைக்கும் முறை

ஸ்டோன்வேர் வெப்பத்தை மெதுவாக ஏற்று மெதுவாக விடுவதால், அதன் ஒரு பகுதி மட்டும் திடீரெனச் சூடாகும்போதோ குளிரும்போதோ விரிவும் சுருக்கமும் சீரற்று நிகழ்ந்து கலம் வெடிக்கிறது. வெப்ப அதிர்ச்சி எனப்படும் இதனைத் தவிர்ப்பதற்கு, கேஸ் அடுப்பின் நேரடித் தீயில் இக்கலத்தை வைக்காமலும், குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த கலத்தை உடனே சூடான ஓவனுக்குள் நுழைக்காமலும், அறை வெப்பநிலையில் உள்ள கலத்தைச் சூடேறாத ஓவனில் வைத்துப் படிப்படியாக வெப்பத்தை உயர்த்துதல் நலம். வெளியில் எடுத்த கலத்தை ஈரமான கடப்பா கல் மேடையில் வைக்காமல், உலர்ந்த மரப்பலகையின்மீதோ தடித்த துணியின்மீதோ வைத்தல் வேண்டும்.

பெரும்பாலான உணவுகளுக்கு 180 பாகை போதுமானது. பூசணி, கத்தரி, அவரை ஆகியவற்றுடன் ஊறவைத்த வரகையோ சாமையையோ தேவையான நீருடன் சேர்த்து, ஒரு கரண்டி மல்லாட்டை எண்ணெய் விட்டு மூடிவைத்தால், காய்களின் நீர் ஆவியாகி வெளியேறாமல் உள்ளேயே நின்று உணவை வேகவைக்கிறது. மரக்காணம் கடற்கரை மீனையும் மசாலா தடவி, பொரிக்காமல் இவ்வாறே குறைந்த எண்ணெயில் வேகவைக்கலாம். மெதுவாகச் சூடேறும் கலத்தில் ஓரம் வெந்தபின்னும் நடுப்பகுதி வேகாமல் இருக்கக்கூடும் என்பதால், இறைச்சியின் உட்பகுதி குறைந்தது 70 பாகையை எட்டியதை உறுதிசெய்தல் வேண்டும். உருளைக்கிழங்கு முதலிய மாவுச்சத்துப் பொருள்கள் கருகும்போது அக்ரிலமைடு எனும் தீங்கான சேர்மம் மிகுதியாக உருவாவதால், பொன்னிறம் வந்ததும் நிறுத்திவிடுவது நல்லது.

சூட்டை நெடுநேரம் காக்கும் இக்கலத்தின் சிறப்பே மீந்த உணவைப் பொறுத்தவரை குறையாகிவிடுகிறது. ஏறத்தாழ 5 முதல் 60 பாகை வரையிலான வெப்பநிலையில் கிருமிகள் விரைந்து பெருகும். தடித்த கலம் மெதுவாகக் குளிர்வதால் உணவு அந்நிலையிலேயே நெடுநேரம் தங்கிவிடுகிறது. ஆகவே, மீந்ததை 2 மணி நேரத்துக்குள்ளும், கத்திரி வெயில் காலத்தில் 1 மணி நேரத்துக்குள்ளும் அகன்ற, ஆழமற்ற வேறு பாத்திரத்துக்கு மாற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தல் வேண்டும்.

கழுவுதலும் பராமரிப்பும்

கலம் முழுமையாக ஆறிய பின்னரே அதில் நீர் ஊற்றுதல் வேண்டும். ஒட்டிய பருக்கையையும் மசாலாவையும் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துப் பீர்க்கங்காய் நாரால் தேய்த்தால் எளிதில் அகலும். கறை நிற்குமாயின் சமையல் சோடாவைக் குழைத்துத் தடவலாம். கம்பி நாரும் மணல் கலந்த துலக்குபொடியும் பூச்சைக் கீறி, அமிலம் ஊடுருவ வழிசெய்வதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும். மெருகுப்பூச்சு இல்லாத கலத்தைச் சோப்பின்றி வெந்நீரில் கழுவி நன்கு உலர்த்துதல் வேண்டும். எண்ணெய் ஊறிய கலத்தை ஈரத்தோடு மூடிவைத்தால் சிக்கு நாற்றமும் பூஞ்சையும் தோன்றும்.

பூச்சில் வலைபோல் படரும் மயிரிழை வெடிப்புகள், பூச்சும் உட்சுவரும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால் ஏற்படுகின்றன. அவ்வெடிப்புகளில் உணவுத் துகளும் ஈரமும் தங்குவதால் அக்கலத்தைச் சமையலிலிருந்து விலக்கிவிடுதல் நல்லது. விளிம்பு உடைந்த கலத்திலிருந்து கூரிய சில்லுகள் உணவில் விழக்கூடும் என்பதால், அதனையும் பூந்தொட்டியாகவோ பேனா தாங்கியாகவோ மாற்றிக்கொள்ளலாம்.

நுகர்வோரும் கலைஞரும்

எந்த வெப்பநிலையில் சுடப்பட்டது, பூச்சில் என்ன சேர்க்கப்பட்டது, ஆய்வகச் சோதனை நடந்ததா என்னும் மூன்று கேள்விகளையும் வாங்குவோர் தயங்காமல் கேட்டால், கலைஞர்களும் விற்பனையாளர்களும் அவற்றுக்கான விடையைக் கலத்துடனேயே அளிக்கும் வழக்கம் உருவாகும். உயர்வெப்பச் சூளைகள் அருகிலேயே இருப்பதால், செய்தவரிடமே நேரில் கேட்டறிந்து வாங்கும் வாய்ப்பு விழுப்புரம், திண்டிவனம் மக்களுக்கு உள்ளது. குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் உள்ள குடும்பங்கள் இவ்வாய்ப்பைத் தவறாமல் பயன்படுத்திக்கொள்ளுதல் வேண்டும்.