தாராவிக்கு அடியில் ஓடும் ரெயில்

மும்பையின் மின்சார ரெயில் தடங்கள் பெரும்பாலும் வடக்கு-தெற்காகவே ஓடுகின்றன. நகரமே அப்படி நீண்டு கிடக்கிறது. குறுக்கே போகிறவனுக்குத்தான் திண்டாட்டம்.

காட்கோபரில் குடியிருந்து அந்தேரியில் வேலை பார்த்தவர்களைக் கேட்டால் தெரியும். தெற்கே தாதர் வரை வரவேண்டும். கூட்டத்தில் இடிபட்டுப் பாலம் ஏறி, வண்டி மாறி, மறுபடி வடக்கே போகவேண்டும். இல்லாவிட்டால் பஸ்சில் நின்றபடி வியர்க்கவேண்டும்.

2014-ம் ஆண்டு ஜூன் 8-ந் தேதி அந்தத் தொல்லை தீர்ந்தது. வெர்சோவாவில் இருந்து அந்தேரி வழியாகக் காட்கோபர் வரை 11.4 கிலோ மீட்டர் மெட்ரோ வந்தது. பயணம் அரை மணி நேரம்கூட இல்லை.

நாட்டின் முதல் மெட்ரோ கல்கத்தாவில் 1984-ல் ஓடியது. அதற்கு அடிக்கல் நாட்டியது 1972-ல்! டெல்லிக்கு 2002-ல் கிடைத்தது. ரெயிலுக்குப் பெயர் பெற்ற மும்பை பிந்திவிட்டது என்றே சொல்லவேண்டும்.

இப்போது ஆரே முதல் கஃப் பரேட் வரை சுரங்க ரெயிலும் ஓடுகிறது. 33.5 கிலோ மீட்டர், 27 நிலையங்கள். 2024 அக்டோபரில் ஒரு பகுதியும், 2025 அக்டோபரில் முழுப் பாதையும் திறக்கப்பட்டன. மித்தி ஆற்றுக்கு அடியில் குடைந்து வந்திருக்கிறார்கள். நம்மவர்கள் நிறைந்த தாராவியிலும் ஒரு நிலையம் உண்டு. விமான நிலையம், வொர்லி, கல்பாதேவி எல்லாம் ஒரே வண்டியில். கதவு தானாக மூடிக்கொள்ளும். தொங்கிக்கொண்டு போக முடியாது. அதுவே பல உயிர்களைக் காக்கும்.

மழைக்கு மட்டும் இதுவும் தப்பவில்லை. வொர்லியில் ஆச்சார்ய அத்ரே சவுக் நிலையம் திறந்த அதே 2025 மே மாதத்தில், அதற்குள் வெள்ளம் புகுந்தது.

கட்டணம் என்ன?

குறைந்தது 10 ரூபாய், அதிகம் 70 ரூபாய். ஒரு கோடியில் இருந்து மறு கோடிக்குப் போய்வர 140. மாதம் 25 நாள் வேலை என்றால் 3,500 ரூபாய்! மின்சார ரெயிலில் இரண்டாம் வகுப்பு சீசன் டிக்கெட் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும்.

அலுவலக மானேஜருக்கு இது பெரிய தொகை இல்லை. அதே அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்குகிறவர் என்ன செய்வார்? மத்திய அரசும் மராட்டிய அரசும் சேர்ந்து நடத்தும் ரெயில் இது. தினமும் போய்வரும் தொழிலாளிக்கு மின்சார ரெயில் சீசன் டிக்கெட்டை ஒட்டிய விலையில் மாதச் சீட்டு கொடுத்தால், தாராவி நிலையத்தில் இன்னும் பலர் படி இறங்குவார்கள்.