பிரஷர் மாத்திரையும் ரத்தக்குழாயின் மதகும்



குழுக் கூட்டங்களுக்கு வரும்போது எங்கள் காதில் அடிக்கடி விழும் பேச்சு இது: "பிரஷர் மாத்திரை போட்டேன், கால் வீங்கிடுச்சு. கிட்னி போயிடும்னு சொன்னாங்க, நிறுத்திட்டேன்." அந்த மாத்திரை உடம்பில் என்னதான் செய்கிறது என்று பார்ப்போம்.

ரத்தக்குழாய் பிளாஸ்டிக் பைப் மாதிரி கிடையாது. அதன் சுவரில் தசை இருக்கிறது. தசை இறுகினால் குழாய் சுருங்கி பிரஷர் ஏறும், தளர்ந்தால் இறங்கும். இறுகச் செய்வது கால்சியம், அதாவது கேழ்வரகில் இருக்கிற அதே சுண்ணாம்புச் சத்து. தசையின் செல்லுக்குள் இருப்பதைவிட வெளியே சுமார் 10,000 மடங்கு கால்சியம் நிற்கிறது, ஏரித் தண்ணீர் மாதிரி. செல்லின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத மதகுகள் உண்டு. திறந்தால் கால்சியம் உள்ளே பாயும், தசை இறுகும். பொட்டாசியத்துக்குத் தனி மதகு. அது திறந்து பொட்டாசியம் வெளியேறினால் கால்சியம் மதகு மூடும், தசை தளரும். அயனி வாய்க்கால்கள் என்று இவற்றுக்குப் பெயர். ஒற்றை வாய்க்காலில் ஓடும் மின்சாரத்தை 1976-ல் அளந்து காட்டிய நேயர், சக்மன் என்ற ஜெர்மன் விஞ்ஞானிகளுக்கு 1991-ல் நோபல் பரிசு கிடைத்தது.

உடம்பு நன்றாக இருக்கும்போது இந்த மதகுகள் தேவைக்கேற்பத் திறந்து மூடும். பிரஷர் நோயில் குழாய்கள் தேவைக்கு மேல் இறுகியே கிடக்கின்றன. அரசு ஆஸ்பத்திரிகளில் பலருக்கும் தரப்படும் அம்லோடிபின், கால்சியம் மதகைத்தான் அடைக்கிறது. "அப்போ கேழ்வரகு சாப்பிடக் கூடாதா?" என்று ஒரு சகோதரி கேட்டார். நல்ல கேள்வி! தாராளமாகச் சாப்பிடலாம். மாத்திரை எலும்பிலுள்ள கால்சியத்தை எடுப்பதில்லை.

சரி, கால் ஏன் வீங்குகிறது? இந்த மாத்திரை ரத்தத்தைக் கொண்டு வரும் சிறு குழாய்களை விரிக்கிறது. திருப்பிக் கொண்டு போகும் குழாய்களை அந்த அளவுக்கு விரிப்பதில்லை. வரத்து அதிகமாகி, நீர் கசிந்து கணுக்காலில் தங்குகிறது. குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு நாள் முழுக்க உட்கார்ந்தால் இன்னும் கூடும். இந்த வீக்கம் கிட்னியைக் கெடுக்காது. ஆனாலும் இதயக் கோளாறு, கிட்னிக் கோளாறிலும் கால் வீங்கும் என்பதால் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். அளவைக் குறைப்பார், அல்லது வேறு மாத்திரை தருவார்.

நாமாக நிறுத்துவதுதான் ஆபத்து. அம்லோடிபின் உடம்பை விட்டு மெதுவாகத்தான் போகும். இரண்டு மூன்று நாள் ஒன்றும் தெரியாது, "மாத்திரை இல்லாமலே நல்லாத்தானே இருக்கேன்" என்று தோன்றும். பிறகு பிரஷர் சத்தமில்லாமல் ஏறும். பக்கவாதம் வந்த பிறகுதான் சிலருக்குத் தெரிகிறது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை கொண்டுவரும் பெண் தன்னார்வலர்களில் பலரும் நம்மைப் போல் குழுப் பெண்களே. கால் வீக்கத்தை அவரிடம் கூச்சமில்லாமல் சொல்லுங்கள். மூச்சு வாங்கினாலோ, முகமும் வீங்கினாலோ அவர் வரும் வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.