அவிச்ச கச்சானும் வறுத்த கச்சானும்

கனகராயன்குளத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார்: "அவிச்ச கச்சான் திண்டால் மகனுக்கு ஒண்டுமில்லை, ஐயா. திருவிழாவிலை வறுத்த கச்சான் திண்டு சொண்டு வீங்கிப் போச்சு. மாமி கிரந்தி எண்டுறா. ரெண்டும் ஒரே கச்சான்தானே?"

கச்சான் ஒன்றுதான் அம்மா, அடுப்புத்தான் வேறு.

விதைப் புரதம் முளைக்கப்போகும் கன்றுக்குத் தாய்ச்செடி கட்டிவைத்த கட்டுச்சோறு. கச்சானில் 'அரா எச் 2' என்றொரு சின்னப் புரதம், கந்தகப் பிணைப்புகளால் இறுகிக் கிடக்கிறது. இரைப்பைக்கு அது லேசில் மசியாது. சிலருடைய உடல் அதை எதிரியென்று பதிந்து, ஐ.ஜி.ஈ என்ற பிறபொருளெதிரியைச் செய்து வைத்துக்கொள்ளும்.

சின்ன வயதில் வயற்காவலுக்குப் போவேன். ஓரிரவு மாடு சரசரத்ததை யானை என்று நினைத்துப் பக்கத்து வயல்காரர் வெடி கொளுத்தினார். அடுத்தடுத்த கொட்டில்களிலும் வெடி. விடிந்து பார்த்தால், மிதிபட்ட நெல்லெல்லாம் எங்கள் காலடி! உடலில் மாஸ்ட் கலங்கள்தான் அந்தக் கொட்டில்கள், ஐ.ஜி.ஈ திரி, ஹிஸ்டமின் வெடி. வீக்கமும் தடிப்பும் மூச்சிழுப்பும் காவல்காரர் செய்த சேதம்.

வறுக்கும்போது காய்ந்த சூட்டில் சர்க்கரை புரதத்தோடு ஒட்டுகிறது. பொன்னிறமும் வாசமும் அதனால்தான். அந்தக் கோலத்தில் ஐ.ஜி.ஈ அதை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். அவித்தாலோ புரதத்தில் ஒரு பங்கு தண்ணீரோடு போய்விடும். கச்சானை அவித்தும் பொரித்தும் தின்னும் சீனர்களிடம் இந்த ஒவ்வாமை குறைவாயிருக்க இதுவும் காரணமாகலாம் என்று 2001இல் நியூயோர்க் ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

கிரந்தி என்ற சொல்லோடுதான் எனக்குக் கோபம். கத்தரிக்காய்ச் சொறியையும் மூச்சுத் திணறலையும் அந்த ஒரே சட்டிக்குள் போட்டு மூடிவிடுகிறோம். போதாதற்கு, "கொஞ்சம் கொஞ்சமாய்த் தீத்தினால் பழகிடும்" என்று வீட்டுக்கொரு வைத்தியர். 2015இல் வெளிவந்த லண்டன் ஆய்வில், 4 முதல் 11 மாதக் குழந்தைகளுக்குக் கச்சான் கொடுத்துப் பழக்கியபோது ஒவ்வாமை வெகுவாகக் குறைந்தது உண்மை. அது வருமுன் செய்த காவல், அதுவும் வைத்தியர்கள் சோதித்துப் பார்த்துச் செய்தது. சொண்டு வீங்கிய பிள்ளையிடம் அந்த விளையாட்டு வேண்டாம்.

வைத்தியர் சோதிக்கும்வரை அவிச்ச கச்சானையும் நிறுத்துங்கள். மூச்சிழுத்தால் உடனே ஆசுபத்திரி. அங்கே போடவேண்டியது அட்ரினலின் ஊசி. திருவிழாவில் மகன் கடலை கேட்டாலும் தாச்சியைப் பாருங்கள். கச்சான் வறுத்த அதே மணலில்தான் பல இடங்களில் கடலையும் வறுபடுகிறது.